மலைக்காட்சி இலாகாவின் ஆறாவது முத்திரை

மலையை ரசிப்பதற்கு ஓர் இலாகா எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். கோலாலம்பூரிலும் சிலருக்குத் தோன்றியது. மனு எழுதிக் கேட்டார்கள். மனு கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது.

மலைக்காட்சி இலாகா பிறந்தது 1926-ஆம் வருஷம். ரப்பர் விலை வானத்தைத் தொட்ட சமயம் அது. கையில் காசு புரண்டால் சம்சாரி கூரையை மாற்றுவான், சர்க்கார் இலாகாவைத் திறக்கும். நாலைந்து வருஷத்தில் ரப்பர் விலை தலைகுப்புற விழுந்தது. தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். இலாகாவை யாரும் கப்பலேற்றவில்லை. ஊரில் ஆள் குறைந்துபோனதால் மலையை ரசிக்க ஆள் தேட வேண்டியிருந்தது. தேடுவதற்கென்று இரண்டு கிராணிகளை, அதாவது குமாஸ்தாக்களை, புதிதாக வேலைக்கு வைத்தார்கள்.

இலாகாவுக்குச் சொந்தமாக ஒரு மலை உண்டு. கோம்பாக் தாண்டி லோரிப் பாதை முடிகிற இடத்தில் அது ஆரம்பிக்கும். மலாய்க்காரர்கள் அதைப் புக்கிட் காபுட் என்பார்கள். மூடுபனி மலை என்று அர்த்தம். காட்சி பார்ப்பதற்கு வேறு மலையே அகப்படவில்லையா என்று கேட்டால் அதற்கும் மனு எழுத வேண்டும்.

மலையில் ரசிக்க வேண்டியவை மொத்தம் ஏழு என்று இலாகா முடிவு செய்திருந்தது. முதலாவது நகரக் காட்சி. இரண்டாவது பெரிய மரம். மூன்றாவது ஓடை. நாலாவது காற்று. ஐந்தாவது விடுதிச் சாப்பாடு. ஆறாவது அருவி. ஏழாவது மகிழ்ச்சி. வருகிறவர் கையில் ஓர் அட்டை இருக்கும். ஒவ்வொன்றையும் விதித்த நிமிஷம் வரைக்கும் ரசித்து முடித்தால் அட்டையில் ஒரு முத்திரை விழும். ஏழாவது கட்டத்தில் மட்டும் முத்திரை கிடையாது. மகிழ்ந்தேன் என்று கையொப்பமோ கைநாட்டோ வைக்க வேண்டும். முறை மாற்றி ரசிக்கக் கூடாது. ஒருவர் ரசித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் குறுக்கிடவும் கூடாது.

பிரிட்டிஷ் ராஜாவின் வெள்ளிவிழா வந்த 1935-ல் இலாகா ஒரு சலுகை அறிவித்தது. பதினைந்து வருஷம் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் வேலை பார்த்த கீழ்நிலை ஊழியர்களுக்கு மலைக்காட்சி இலவசம். சனிக்கிழமைக்கு ஒருவர் வீதம் வரலாம். இரண்டு பேராக வந்தால் விடுதியில் தங்கும் துரைமாருக்குக் காட்சி கெட்டுவிடும் என்பது இலாகாவின் கவலை.

இருபத்து மூன்றாவது சனிக்கிழமைக்குப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் இருந்த கன்னையாவின் பெயர் வந்தது.

கன்னையா ரயில் யார்டில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளத்தைப் பிரித்துவிடும் நெம்புகோலுக்குப் பக்கத்தில் நின்றே பதினாறு வருஷத்தைக் கழித்தவர். மாற்று ஆள் வராமல் இடத்தைவிட்டு நகர மாட்டார். ஒரு தடவை மாற்று ஆள் பேதியில் படுத்துவிட, இரண்டு நாள் அங்கேயே நின்றார். அவர் மனைவி நல்லம்மாள்தான் சோற்றைக் கொண்டுபோய் ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டு வந்தாள். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்ய மாட்டார். இப்படிப்பட்ட மனிதர்களை வைத்துத்தான் எல்லா இலாகாக்களும் ஓடுகின்றன.

சனிக்கிழமை விடியற்காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இலாகா லோரியில் ஏறினார். அன்று சாயங்காலம் அதே லோரி வந்தது. அவர் வரவில்லை.

"மேல ரசிச்சிக்கிட்டு இருக்காருன்னு லிஸ்டுல போட்டிருக்கு லா," என்றான் லோரிக்காரன். "ரசிக்கிற ஆளை நான் எப்படி இழுத்துட்டு வர்றது?"

ஞாயிற்றுக்கிழமை இலாகா பூட்டியிருந்தது. திங்கட்கிழமை கதவு திறப்பதற்கு முன்பே நல்லம்மாள் வாசலில் போய் நின்றாள். பெரிய கிராணி கிரிகரி பத்து மணிக்கு வந்தார். கழுத்துப்பட்டி, வழித்துச் சீவிய தலை, சட்டைப்பையில் மூன்று பேனா. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு தடித்த பதிவேட்டைத் திறந்தார்.

"கன்னையா. ரயில்வே. ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் முத்திரை விழுந்திருக்கு. சனிக்கிழமை ரெண்டு மணிக்கு ஆறாவதுக்குள்ள போயிருக்காரு. வெளிய வரல." அவர் முகத்தில் பெருமை தெரிந்தது. "ரெண்டு நாளா அருவியை ரசிக்கிறாரும்மா உன் புருஷன். ஒரு கவர்னர்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல ரசிச்சதில்ல."

"ஐயா, அவருக்கு நேத்து டூட்டி. டூட்டியை விட்டுட்டு இருக்கற ஆள் இல்லைங்க அவரு. என்னமோ ஆயிருச்சி. யாராச்சும் போய்ப் பாருங்க."

"போய்ப் பார்க்கலாம். பார்த்தா என்ன ஆகும்? குறுக்கிட்டதா ஆகும். நாளைக்கு அவரே என் மேல மனு போடுவாரு."

"அவருக்கு மனு எழுதத் தெரியாதுங்க."

"அப்ப இன்னும் கஷ்டம்," என்றார் கிரிகரி. "தெரியாத ஆளுங்க வேற ஆளை வெச்சி எழுதுவாங்க. அதுல இல்லாதது எல்லாம் வரும்."

நல்லம்மாளுக்கு அழுகை முட்டியது. அழவில்லை. அழுதால் அறையைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். காணாமல் போனதாக எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். காணாமல் போனவர் எங்கே இருக்கிறார் என்று தெரியக் கூடாது, இவர் அருவியில் இருக்கிறார் என்று பதிவேட்டிலேயே இருக்கிறதே என்றார் கிரிகரி. போலீஸுக்குப் போகிறேன் என்றாள். போலீஸுக்கு மலையில் நுழைய இலாகாவின் அனுமதி வேண்டும், அது வர ஒன்பது நாள் ஆகும் என்றார். நடந்தே போகிறேன் என்றாள்.

"அட்டை இல்லாம நடந்தா காட்டுக்குள்ள நுழைஞ்ச குத்தம். உள்ள தள்ளிருவாங்க." கொஞ்ச நேரம் பேனாவைக் கன்னத்தில் தட்டினார். அவரும் இரக்கமில்லாதவர் அல்ல. தம்மால் முடிந்ததைச் செய்யும் ஆள்தான். "ஒண்ணு பண்ணலாம். நீயே ரசிக்க வா. குடும்பத்தாருக்கு ஒரு அட்டை இருக்கு. நாளைக் காலையில ஆறு மணிக்கு லோரி. ஒரு பொம்பளை தனியா ரசிக்கறது இதுதான் முதல் தடவை, அதனால நானும் வர்றேன். முறைப்படி ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் ரசிச்சிட்டு வந்தா, ஆறாவதுல உன் புருஷனைப் பார்க்கலாம்."

"இன்னைக்கே போக முடியாதாங்க? இப்பவே?"

"திங்கட்கிழமை மலைக்கு ஓய்வும்மா," என்றார் கிரிகரி.

மறுநாள் லோரியில் கிரிகரி முன்னால் உட்கார்ந்தார். பின்னால் நல்லம்மாளும், விடுதிக்குப் போகும் கோழிக்கூண்டுகளும், ஒரு மூட்டை உருளைக்கிழங்கும். பாதை முடிந்த இடத்தில் காக்கிச் சட்டையும் வெறுங்காலுமாக ரெங்கசாமி காத்திருந்தார். மலைக்குக் காவலாளியும் வழிகாட்டியும் அவர்தான். ஐம்பது வயசிருக்கும். அருவிக்குப் பக்கத்தில் ஒரு குடிசையில் தனியாக இருப்பவர். முத்திரைக்கட்டை இடுப்பில் கயிற்றோடு தொங்கியது. கிரிகரி இன்னார் என்று சொன்னதும் அவர் நல்லம்மாளின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"அவரைப் பார்த்தீங்களாண்ணே? நல்லா இருக்காரா?"

"முதல் காட்சி இந்தப் பக்கம்," என்றார் ரெங்கசாமி.

முதல் திருப்பத்தில் ஒரு மர மேடை இருந்தது. மேடைக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. வெள்ளையாகப் பனி மூடியிருந்தது. ரெங்கசாமி ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார். இடது பக்கத்தில் கோலாலம்பூர் பட்டணம். அதோ கோபுரங்கள். வலது பக்கத்தில், மழை இல்லாத நாளில், கிள்ளான் கடல்.

"எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. போலாங்க."

"தெரியலன்னாலும் பார்க்கணும்," என்றார் கிரிகரி. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "பத்து நிமிஷம். துரைமாரும் இப்படித்தான் பார்ப்பாங்க. எழுதும்போது பிரமாதம்னுதான் எழுதுவாங்க."

அவள் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கோ தூரத்தில் தண்ணீர் விழும் சத்தம் அடங்கி ஒலித்தது. அது அருவியா என்று கேட்டாள். ஆறாவதை இப்போது ரசிக்கக் கூடாது, காதைப் பொத்திக்கொள் என்று சொல்லும் அளவுக்குக் கிரிகரி போகவில்லை; முகத்தைத்தான் சுளித்தார்.

பெரிய மரத்துக்குப் பதினைந்து நிமிஷம். அதைச் சுற்றி மூன்று தடவை வர வேண்டும், உச்சியைப் பார்த்து வியப்பு தெரிவிக்க வேண்டும். "என்ன பெரிசு" என்று சொன்னால் போதும். நல்லம்மாள் சொன்னாள். கிரிகரிக்கு அது திருப்தியாக இல்லை, மறுபடி சொல்லச் சொன்னார். அவள் நடுங்கிய குரலில் மறுபடி சொன்னாள். கேட்டுக்கொண்டு நின்ற ரெங்கசாமி முத்திரையைத் தப்பான கட்டத்தில் குத்தப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

ஏறுகிற பாதையில் ரத்தம் உறிஞ்சும் அட்டைகள் நிறையக் காலில் மிதிபட்டன. பூரான் ஊர்ந்தது. ஓடையில் தண்ணீர் கலங்கியிருந்தது. மேலே மழை பெய்திருக்கிறது என்றார் ரெங்கசாமி. முந்தாநாள் சாயங்காலம் பெரிய மழை, நேற்றும் மழை என்றவர், சொன்னதற்கு வருந்துகிறவர் மாதிரி வாயை மூடிக்கொண்டார். மழையில் கன்னையா எங்கே ஒதுங்கினார், கூரை ஏதாவது உண்டா என்று நல்லம்மாள் கேட்டாள். காற்று ரசிக்கும் இடம் வந்துவிட்டது என்று கிரிகரி சொன்னார்.

காற்றுக்கு இருபது நிமிஷம். கண்ணை மூடி மூச்சை இழுத்து விட வேண்டும். அவள் கண்ணை மூடினாள். அவள் ஓடியிருக்கலாம், எல்லாவற்றையும் உதறிவிட்டு ஓடியிருக்கலாம் என்று சொல்வது நமக்கு எளிது. வழி தெரியாத காடு. வழி தெரிந்த ஒரே மனிதர் இடுப்பில் முத்திரையோடு நிற்கிறார். கெட்ட பெயர் எடுத்தால் அவர் நின்றுவிடுவாரோ என்று அவள் மூச்சை இழுத்தாள், விட்டாள். இருபது நிமிஷமும் ஒரு நிமிஷம் குறையாமல் நடந்தது.

விடுதி வந்தபோது மணி பன்னிரண்டு. தாழ்வாரத்தில் இரண்டு துரைமாரும் ஒரு துரைசானியும் நாற்காலியில் சாய்ந்திருந்தார்கள். இலவச அட்டையில் வருகிறவர்களுக்குச் சாப்பாடு பின்கட்டில். அங்கே ஒரு நீள மேசை. ஒரு ஓரத்தில் வரிசையாக எட்டுத் தட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் ஈ மொய்க்காமல் வலை மூடி. முதல் தட்டில் வறுத்த கோழித் துண்டின் மேலே பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. கடைசித் தட்டில் ரொட்டியும் முட்டையும் இன்னும் காயாமல் இருந்தன.

ஹைனான்கார சமையல்காரர் ஆ செங் ஒன்பதாவது தட்டைக் கொண்டுவந்து வரிசையில் வைத்தார். நல்லம்மாள் யார் என்று ரெங்கசாமி சொன்னதும் அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"டியா பெலும் மாக்கான்," என்றார் தட்டுகளைக் காட்டி. அவர் இன்னும் சாப்பிடவில்லை என்று கடைத்தெரு மலாயில் சொல்வது. ஒவ்வொரு தட்டாகத் தொட்டு எண்ணினார். "சப்து மாலாம். அஹாட் தீகா. ஈஸ்னின் தீகா. பாகி இனி சாத்து."

சனிக்கிழமை இரவு, ஞாயிறு மூன்று வேளை, திங்கள் மூன்று வேளை, இன்று காலை ஒன்று. மலையில் இருப்பவருக்கு வேளாவேளைக்குத் தட்டு வைக்க வேண்டும் என்பது இலாகாவின் உத்தரவு. அவருக்குக் கொண்டுபோய்க் கொடு என்று உத்தரவில் இல்லை. கொடுக்கப் புறப்பட்டேன், வாசலில் தடுத்துவிட்டார்கள் என்று ஆ செங் சைகையில் காட்டினார். யார் தடுத்தது என்று காட்டவில்லை. ரெங்கசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நல்லம்மாள் எழுந்துவிட்டாள். "எனக்குச் சாப்பாடு வேணாங்க. அவரு மூணு நாளா சாப்பிடல. என்னைக் கொண்டு போங்க."

"உட்காரும்மா. அஞ்சு இல்லாம ஆறு கிடையாது," என்றார் கிரிகரி. "தட்டைக் காலி பண்ணினாத்தான் முத்திரை."

அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். கண்ணீர் தட்டில் விழுந்தது. அதையும் சேர்த்துத்தான் சாப்பிட்டாள். எதிரே கிரிகரி உருளைக்கிழங்கைக் கத்தியால் நறுக்கியபடி அவளைத் தேற்றுவதற்காகப் பேசினார். விருந்துகளில் அவர் வழக்கமாகச் செய்யும் சொற்பொழிவின் சுருக்கம் அது.

"நீ பயப்படாத. இலாகா ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆச்சி. பதினோராயிரம் பேரு வந்துட்டுப் போயிருக்காங்க. ஒரு விபத்து உண்டா? கிடையாது. ரயில்வேயில பாரு, மாசத்துக்கு ஒண்ணு. தோட்டத்துல பாரு, வாரத்துக்கு ஒண்ணு. அங்கல்லாம் விபத்துக்குன்னு ஒரு பாரம் அச்சடிச்சு வெச்சிருக்காங்க. பாரம் இருந்தா யாராச்சும் பூர்த்தி பண்ணத்தான் செய்வாங்க. எங்ககிட்ட அந்தப் பாரமே இல்ல. நான் அச்சடிக்க விடல. அதுதான்மா நிர்வாகம்."

பெருமையோடு சொன்னார். பொய் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை.

ஐந்தாவது முத்திரை விழுந்தது. விடுதியின் பின்பக்கம் ஒற்றையடிப் பாதை இறங்கியது. இரைச்சல் நடக்க நடக்கக் கூடியது. பாதை முடிவில் இரும்புக் கம்பி வேலி, வேலியில் நாலு மொழியில் ஒரு பலகை. தமிழில் எழுதியிருந்தது இது: இவ்விடம் சத்தம் போடலாகாது. மீறுவோர் பெயர் அவரவர் இலாகாவுக்கு அறிவிக்கப்படும்.

வேலிக்கு இடதுபக்கம் ரெங்கசாமியின் குடிசை. எதிரே அருவி. பழுப்பாக, பருத்துப்போய் விழுந்துகொண்டிருந்தது. கிரிகரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "முப்பது நிமிஷம்," என்று மெல்லச் சொன்னார்.

நல்லம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் தேடினாள். "எங்கண்ணே? எங்க இருக்காரு?"

ரெங்கசாமி அவள் பக்கத்தில் வந்து நின்றார். கையை நீட்டி வேலிக்குக் கீழே, தடாகத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பாறைத் திட்டைக் காட்டினார். அங்கே ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. பாறையில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு கால் மட்டும் இருக்க வேண்டிய விதத்தில் இல்லை.

"அட்டை காத்துல பறந்துருச்சி தங்கச்சி," என்றார். "தொலைச்சா சர்வீஸ் புத்தகத்துல கறுப்புப் புள்ளி விழும்னு கம்பியைத் தாண்டிப் போய் எடுத்தாரு. எடுத்துட்டாரு. திரும்பும்போது வழுக்கிருச்சி. கால் போயிருச்சி."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"கூப்பிடுவாருன்னு நின்னேன். கூப்பிட்டா போகலாம், விதி இருக்கு. கூப்பிடாத ஆள்கிட்டப் போனா குறுக்கிட்டது. மூணு வருஷத்துக்கு முன்ன ஒரு துரைசானி வழுக்குனாங்க, கையைப் பிடிச்சேன். மூணு மாசம் சம்பளம் இல்லாம உக்கார வெச்சிட்டாங்க." மூச்சு வாங்கினார். "அவரு பலகையைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. கத்தல. கையை ஆட்டினாரு. நானும் ஆட்டினேன்."

நல்லம்மாள் கம்பியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை காலையிலயும் ஆட்டினாரு. நானும் ஆட்டினேன். சாயங்காலம் மழையில ஆட்டினாரு. நேத்துக் காலையில கொஞ்சமா ஆட்டினாரு." ரெங்கசாமி முத்திரைக்கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். "நேத்து சாயங்காலம் நான் ஆட்டினேன். அவரு ஆட்டல. தூங்கறாருன்னு நெனைச்சுக்கிட்டேன். அப்படி நெனைக்கலன்னா எனக்கு ராத்திரி கழியாது தங்கச்சி."

நேற்று. ஓய்வு என்று மலை மூடிக் கிடந்த திங்கட்கிழமை. கிரிகரியின் மேசைக்கு முன்னால் அவள் அழாமல் நின்றுகொண்டிருந்தபோது கன்னையா உயிரோடு இருந்திருக்கிறார்.

அவள் கத்தினாள். அந்த மலையில் ஒன்பது வருஷமாகக் கேட்டிராத சத்தம். அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள், பிறகு நெஞ்சில் அறைந்துகொண்டு ஒப்பாரி வைத்தாள். நின்ன இடத்த விட்டு நகராத என் ராசாவே, நிக்கச் சொன்ன இடத்துல நீ நின்னு நின்னு போனியே என்று அழுதாள். தண்ணீரின் இரைச்சலைத் தாண்டி அது மேலே போனது. கிரிகரி இரண்டு கையாலும் சைகை காட்டினார், பலகையைக் காட்டினார். பலகையை அவளால் படிக்க முடியாது. படிக்க முடிந்தாலும் அன்றைக்கு அது நடந்திருக்காது.

விடுதியில் தங்கியிருந்த இலாகாவின் பெரிய துரை இறங்கி வந்தார். என்ன இது என்று இங்கிலீஷில் கேட்டார். கிரிகரியின் முகம் வெளுத்தது. பிறகு ஒன்பது வருஷ அனுபவம் கைகொடுத்தது. உள்ளூர்ப் பெண்களின் பாட்டு, சார், என்றார். அருவியைப் பார்த்தால் இப்படிப் பாடுவது இவர்கள் வழக்கம். துரை கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார். உருக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

ஆ செங் பிரம்புக் கயிற்றோடு ஓடிவந்தார். யாரையும் கேட்காமல் வேலியைத் தாண்டினார். அவருக்குப் பின்னால் ரெங்கசாமியும் தாண்டினார், மூன்று நாள் தாமதமாக. இரண்டு பேருமாகக் கன்னையாவைத் தூக்கிவந்து புல்லில் கிடத்தினார்கள். உடம்பு விறைத்திருந்தது. மடங்கிய விரல்களுக்குள் அட்டை நனையாமல் இருந்தது.

கிரிகரி குனிந்து அட்டையை மெதுவாக உருவினார். ரெங்கசாமியின் இடுப்பிலிருந்த முத்திரையை எடுத்து ஆறாவது கட்டத்தில் குத்தினார். பையிலிருந்து மைப்பெட்டியைத் திறந்தார்.

"அந்தக் கையைப் பிடி," என்றார் ரெங்கசாமியிடம்.

"நான் பிடிக்க மாட்டேங்க."

"ஏழாவது பாக்கி இருக்கு. ஏழு முடியாம ஆளை மலையிலேருந்து இறக்க முடியாது. இங்கயே கெடக்கட்டுமா?"

கடைசியில் கிரிகரியே முழங்காலிட்டு, கன்னையாவின் கட்டைவிரலை மையில் தோய்த்து, 'மகிழ்ந்தேன்' என்று அச்சிட்டிருந்த இடத்தில் அழுத்தினார். ரேகை சுத்தமாக விழுந்தது. சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார். எல்லாம் முடிந்து இறங்கியவருக்கு அதற்கப்புறம் என்ன நேர்ந்தாலும் இலாகாவுக்குச் சம்பந்தமில்லை. விபத்தில்லாத ஒன்பது வருஷம் பத்தாவது வருஷத்தை நோக்கி நடந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு வாரம் கழித்து ரெங்கசாமி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். கையில் இலாகாவின் கடிதம். நல்லம்மாள் அவரை உள்ளே கூப்பிடவில்லை. அவர் வாசலில் நின்றபடியே வாசித்தார். தங்களுடைய பாட்டைப் பெரிய துரை அவர்கள் மிகவும் ரசித்ததால், சனிக்கிழமைதோறும் இரண்டு மணிக்கு அருவிக்கரையில் அதையே பாடுவதற்குத் தங்களை நியமிக்கச் சம்மதம். அனுமதி பெற்ற பாட்டு சத்தமாகக் கருதப்பட மாட்டாது.

"கிழிச்சுப் போட்டுருங்க தங்கச்சி," என்றார் ரெங்கசாமி. "நான் உங்களைப் பாக்க முடியலன்னு சொல்லிருறேன்."

அவள் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். "சனிக்கிழமைக்கு ஒரு ஆளு இன்னும் வருதா?"

"வருது. இந்த வாரம் கிள்ளான் கூட்ஸ் ஷெட்டுலேருந்து ஜெயராஜ்னு ஒருத்தரு."

"வர்றேன்னு சொல்லுங்க."

சனிக்கிழமை அவள் வேலியருகே நின்றாள். மேலே தாழ்வாரத்தில் துரைமார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். கிரிகரி நோட்டுப் புத்தகத்தோடு தயாராக நின்றார். அட்டையைப் பிடித்தபடி ஜெயராஜ் வந்தார். நாற்பத்தைந்து வயசு, வெள்ளைச் சட்டை, பலகையைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் ஆள்.

நல்லம்மாள் பாடவில்லை. நேரே அவரிடம் போனாள்.

"அண்ணே, என் புருஷன் இங்க விழுந்து மூணு நாள் கெடந்தாரு. இதோ இந்த அண்ணன் பார்த்துக்கிட்டே நின்னாரு. அவரு கத்தல, இவரு போகல. செத்துட்டாரு. நீங்க விழுந்தா கத்துவீங்களா?"

ஜெயராஜ் ரெங்கசாமியைப் பார்த்தார். ரெங்கசாமி தலையை ஆட்டி ஆமாம் என்றார். ஜெயராஜ் பலகையைப் பார்த்தார்.

"இங்க சத்தம் போடக் கூடாதுன்னு..."

"கத்துவீங்களா, மாட்டீங்களா?"

"கத்துவேன்மா."

"கத்துங்க. இப்ப. நான் கேக்கணும்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடும் குரலில், "யாராச்சும் வாங்க," என்றார். தாழ்வாரத்தில் துரைமார் கை தட்டினார்கள். கிரிகரி நோட்டில் 'இருவர் பாட்டு' என்று எழுதிக்கொண்டார்.

"கேக்கல," என்றாள் நல்லம்மாள். "இன்னும் சத்தமா."